கை டிராக்டரைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்!

பாட்டி வைத்திருந்த பித்தளை அண்டா வீட்டில் இருக்கிறது. அதைப் பரணில் பத்திரமாக வைத்திருக்கிறோம். தாத்தாவின் சாய்வு நாற்காலி இருக்கிறது. அதன் கால் ஒடிந்தால் தச்சரைக் கூப்பிட்டுச் சரி செய்கிறோம்.

கொல்லைக் கொட்டகையில் ஒரு பழைய கை டிராக்டர் கிடக்கிறது. அதை என்ன செய்கிறோம்?

அதன் மேல் கோழி ஏறி உட்காருகிறது. பிள்ளைகள் கைப்பிடியில் தொங்கி விளையாடுகிறார்கள். ஒரு நாள் பழைய இரும்புக்காரர் வருகிறார். தராசில் ஏற்றுகிறார். கிலோ கணக்கில் காசு கொடுக்கிறார். அத்தோடு கதை முடிந்தது!

இது சரியா? சரி அல்ல.

அண்டா நமக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தது. கை டிராக்டர் சோறு போட்டது. அண்டாவுக்கு இருக்கும் மரியாதை கை டிராக்டருக்கு ஏன் இல்லை?

வெளிநாடுகளில் இப்படிப்பட்ட பழைய சின்ன டிராக்டர்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். அவற்றைச் செய்தவர் யார், எந்த ஆண்டில் செய்தார் என்று எழுதி வைக்கிறார்கள். நம் வேதாரண்யத்திலும் அப்படிச் சேர்க்க வேண்டும். பங்களா வாசலில் அழகுக்கு நிறுத்துவதற்காக அல்ல. ஊர்ப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்து, கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காகச் சேர்க்க வேண்டும்.

எது கை டிராக்டர்?

பெரிய டிராக்டருக்கு நான்கு சக்கரம். ஆள் மேலே உட்கார்ந்து ஓட்டுவார். கை டிராக்டருக்குச் சக்கரம் இரண்டுதான். ஆள் பின்னால் நடந்து போவார். இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொள்வார். ஏர் பிடிப்பது போலத்தான். மாடு இருந்த இடத்தில் என்ஜின் இருக்கும்.

இதைத்தான் கடைக்காரர்கள் "பவர் டில்லர்" என்கிறார்கள். மேல்நாடுகளில் இதையும், இதைப் போன்ற மற்றச் சின்ன வண்டிகளையும் "தோட்ட டிராக்டர்" என்று சொல்வது வழக்கம்.

நம் நாட்டில் விற்கும் கை டிராக்டர்கள் பெரும்பாலும் 8 முதல் 14 குதிரை சக்தி வரை உள்ளவை. தோட்டத்தில் ஓட்ட ரப்பர் சக்கரம் போடுவார்கள். தண்ணீர் கட்டிய வயலில் சேறடிக்க, இரும்புக் கூண்டு போன்ற "கேஜ் வீல்" மாட்டுவார்கள். பின்னால் சின்ன டிரெய்லர் கோத்து உர மூட்டையும் ஏற்றுவார்கள். என்ஜினில் பெல்ட் மாட்டித் தண்ணீரும் இறைப்பார்கள்.

வேதாரண்யம் வட்டாரத்துக்கு ஏற்ற எந்திரம் இது. நம் ஊரில் மேட்டுப்பக்கம் மணல். மாந்தோப்பும், தென்னந்தோப்பும், பூந்தோட்டமும் அங்கேதான். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே பெரிய டிராக்டர் திரும்ப முடியாது. கை டிராக்டர் திரும்பும்.

பள்ளப்பக்கம் நெல் வயல். காவிரித் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்துவிட்டுக் கடைசியாக வந்து சேரும் கடைமடை. பல இடங்களில் மழைதான் துணை. மழை பெய்து ஈரம் இருக்கும்போதே உழுதுவிட வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் மணல் காய்ந்துவிடும். பெரிய டிராக்டரை வாடகைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் பருவம் தவறிவிடும். சொந்தத்தில் சின்ன எந்திரம் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாட்டு ஏர் ஒரு தடவை போனால் ஏறக்குறைய அரை அடி அகலம் உழும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு ஏக்கரை ஒரு முறை உழ 26 கிலோ மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும்! மூன்று உழவு போட்டால் ஏறக்குறைய 80 கிலோ மீட்டர்! கை டிராக்டர் 2 அடி அகலம் உழுதால் 6½ கிலோ மீட்டர் நடந்தால் போதும்.

நம் தாத்தாக்களின் கால்கள் அத்தனை தூரம் நடந்திருக்கின்றன. அந்த நடையைக் குறைத்தவர்கள் யார்? அவர்களின் பெயர்களை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஆவி என்ஜினை வைத்து ஒரு சோதனை

ஆஸ்திரேலியாவில் கில்காண்ட்ரா என்று ஓர் ஊர். அங்கே ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்ற இளைஞர் இருந்தார். தந்தையின் பண்ணையில் வேலை செய்தார். 1912-ம் ஆண்டில் அவருக்கு வயது 19.

கலப்பை மண்ணைப் புரட்டும்போது கீழ் மண் அழுந்தி இறுகிப் போகிறது என்பதை அவர் கவனித்தார். மண்ணைக் கத்தியால் சுழற்றிக் கொத்தினால் என்ன என்று யோசித்தார். தந்தையின் ஆவி டிராக்டரில் இருந்து விசை எடுத்துச் சுழலும் தகடுகளை ஓட்டிப் பார்த்தார். மண் பக்கவாட்டில் தெறித்தது. பிறகு தகட்டுக்குப் பதிலாக ஆங்கில "எல்" எழுத்தைப் போல வளைந்த கத்திகளைப் பொருத்தினார். மண் பொலபொலவென்று உதிர்ந்தது!

1920-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1922-ல் கம்பெனி தொடங்கினார். 1938-ல் இங்கிலாந்துக்குப் போய் அங்கும் தொழில் நடத்தினார்.

அவருடைய கம்பெனி தன் எந்திரத்துக்கு ஒரு பெயர் வைத்தது. அந்தப் பெயர் என்ன தெரியுமா? "ரோட்டவேட்டர்!" ஆம். நம் ஊர் உழவர்கள் தினமும் சொல்லும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் அதை எழுதி, முன்னால் இருந்து படித்தாலும் பின்னால் இருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும். இன்றும் கை டிராக்டரின் பின்னால் சுழலும் கத்தியைக் குனிந்து பாருங்கள். அந்த வளைவு ஹோவர்ட் காட்டிய வழியில் வந்தது.

போட்டோ பிடிப்பவர் செய்த கலப்பை

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பெஞ்சமின் கிரேவ்லி என்பவர் இருந்தார். அவருடைய தொழில் போட்டோ பிடிப்பது. வீட்டுத் தோட்டத்தைக் கொத்த அவருக்கு ஓர் எந்திரம் தேவைப்பட்டது. ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் பாகங்களை எடுத்துக் கைக்கலப்பையில் பொருத்தினார். அந்த மோட்டார் சைக்கிளின் பெயர் "இந்தியன்" என்பது ஒரு வேடிக்கை. அது அமெரிக்காவில் தயாரான வண்டிதான்.

1916-ல் கிரேவ்லி காப்புரிமை பெற்றார். 1922-ல் கம்பெனி தொடங்கினார். ஒற்றைச் சக்கரத்தில் ஓடிய அவருடைய முதல் எந்திரங்கள் இன்று சேகரிப்பாளர்களுக்குப் புதையல் போன்றவை.

ஹோவர்ட் பண்ணைப் பையன். கிரேவ்லி போட்டோக்காரர். பெரிய தொழிற்சாலை முதலாளிகள் அல்ல. தங்கள் வீட்டுக் கஷ்டத்தைத் தீர்க்கக் கையில் கிடைத்ததை வைத்துச் செய்தார்கள். நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் செய்வதும் இதைத்தானே?

பிறகு ஜப்பான் இந்தத் துறையில் முந்தியது. காரணம் எளிது. அங்கேயும் நெல். அங்கேயும் சேறு. அங்கேயும் சின்னச் சின்ன வயல்கள். 1890-ல் ஒசாகா நகரில் வார்ப்படப் பட்டறையாகத் தொடங்கியது குபோட்டா. அது 1947-ல் கை டிராக்டர் செய்தது. மோட்டார் சைக்கிள் செய்து பெயர் வாங்கிய ஹோண்டா 1959-ல் கை உழவு எந்திரத்தை வெளியிட்டது.

கடலுக்கு அப்பால்

கோடியக்கரையில் நின்று கடலைப் பாருங்கள். அந்தக் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணம். அங்கே போய்க் "கை டிராக்டர் எங்கே?" என்று கேட்டால் சிலர் விழிக்கக்கூடும். "லேண்ட் மாஸ்டர் எங்கே?" என்று கேளுங்கள். உடனே கையைக் காட்டுவார்கள்.

லேண்ட் மாஸ்டர் என்பது ஓர் எந்திரத்தின் பெயர். பிறகு இரண்டு சக்கர டிராக்டர் எல்லாவற்றுக்குமே அங்கே அது பொதுப் பெயர் ஆகிவிட்டது. அந்த எந்திரத்தை வடிவமைத்தவர் ஓர் இலங்கைக்காரர். அவர் பெயர் ரே விஜேவர்தன.

அவர் 1924-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தார். 1950-களின் நடுவில், வெப்ப நாட்டுச் சிறு உழவர்களுக்காக இந்த எந்திரத்தை வடிவமைத்தார். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் அருகே ஹக்னல் என்ற ஊரில் அது தயாரானது. அங்கிருந்து பல நாடுகளுக்குப் போனது.

விஜேவர்தன விமானம் ஓட்டுவார். பாய்மரப் படகும் ஓட்டுவார். 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக் படகுப் போட்டியில் இலங்கை சார்பில் கலந்துகொண்டார். இவ்வளவு பெயர் பெற்றவர் பிற்காலத்தில் ஒரு காரியம் செய்தார். தான் செய்த எந்திரத்தையே கேள்வி கேட்டார்!

எருமை செய்த வேலையை எந்திரத்துக்கு மாற்றிவிட்டோம். அதனால் உழவு முன்னேறியதா? உழவனுக்கு விளைச்சல் கூடியதா? இதுதான் அவர் கேள்வி.

குளிர் நாட்டில் மண்ணைப் புரட்டுவதற்குக் காரணம் உண்டு. மழை கொட்டும் வெப்ப நாட்டில் மண்ணைப் புரட்டித் திறந்து போட்டால், மேல் மண் தண்ணீரோடு போய்விடும். ஆகவே உழவைக் குறைக்க வேண்டும், இலை தழையால் மண்ணை மூட வேண்டும் என்று அவர் சொல்லத் தொடங்கினார். நைஜீரியாவில் உள்ள வெப்ப மண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் இதற்காக வேலை செய்தார். இலங்கைக்குத் திரும்பிய பிறகும் கிளைரிசிடியா மரத்தை வேலியாகவும், உரமாகவும், விறகாகவும் பயன்படுத்தச் சொல்லி வந்தார். 2010-ல் காலமானார்.

தன் கையால் செய்த எந்திரத்தைப் பார்த்து "இது யாருக்கு, எதற்கு?" என்று கேட்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

தஞ்சாவூர்க்காரரின் கேள்வி

இந்தக் கேள்வியை அவருக்கு முன்பே கேட்டவர் நம் தஞ்சாவூரில் பிறந்தவர். அவர்தான் ஜே.சி.குமரப்பா. காந்தி அடிகளின் வழியில் கிராமப் பொருளாதாரம் பேசிய அறிஞர். 1892-ல் பிறந்தார். 1960 ஜனவரி 30-ந் தேதி, காந்தி மறைந்த அதே நாளில், காலமானார்.

"டிராக்டர் நன்றாகத்தான் உழும், ஆனால் சாணி போடாதே!" என்று குமரப்பா சொன்னதாக நம் உழவர்கள் இன்றும் பேசிக்கொள்வார்கள்.

மாடு வேலை இல்லாத நாளிலும் தின்னும். எந்திரம் ஓடும்போது மட்டும் டீசல் குடிக்கும். ஆனால் மாட்டின் தீனி நம் வயல் வைக்கோல். எந்திரத்தின் தீனி வேறு நாட்டு எண்ணெய். மாடு கன்று போடும். எந்திரம் தேய்ந்து போகும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

பழைய கை டிராக்டரைப் பாதுகாக்கச் சொல்லும்போது, குமரப்பாவின் கேள்வியையும் விஜேவர்தனவின் கேள்வியையும் அதன் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். எந்திரத்தைக் கும்பிடுவதற்காக நாம் சேர்க்கவில்லை. அதைப் பார்த்து யோசிப்பதற்காகச் சேர்க்கிறோம்.

நம் நாட்டுக் கதை

1960-ல் மத்திய அரசு "பேக்கேஜ் திட்டம்" என்ற தீவிர வேளாண்மைத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் தேர்ந்தெடுத்த 7 மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. அப்போது வேதாரண்யமும் தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 1991-ல்தான் நாகப்பட்டினம் தனி மாவட்டம் ஆயிற்று.

1960-களில் ஆடுதுறை-27 என்ற குறுகிய கால நெல் வந்தது. குறுவை அறுத்த கையோடு அடுத்த நடவுக்கு வயலைத் தயார் செய்ய வேண்டும். இடையில் இருப்பது சில நாள்தான். மாடு மட்டும் போதவில்லை. எந்திரத்தின் தேவை கூடியது.

இந்தியாவில் தயாரான முதல் டிராக்டர் 1959 ஏப்ரல் 24-ந் தேதி பரிதாபாத்தில் வெளிவந்தது. அதன் பெயர் ஐஷர். ஜெர்மனியில் மூனிக் அருகே இரண்டு சகோதரர்கள் தொடங்கிய கம்பெனியின் பெயர் அது. 1960-ல் சென்னையில் டாஃபே தொடங்கியது. மாஸி பெர்குசன் டிராக்டரை அது தயாரித்தது. பரிதாபாத்தில் பிறந்த ஐஷர் டிராக்டர் தொழிலை 2005-ல் சென்னை டாஃபேயே வாங்கிவிட்டது!

கை டிராக்டருக்குப் பக்கத்து மாநிலங்கள் கை கொடுத்தன. 1967-ல் பெங்களூரில் வி.எஸ்.டி. டில்லர்ஸ் தொடங்கியது. ஜப்பான் மிட்சுபிஷி அதற்குக் கூட்டு. 1973-ல் கேரள அரசு காம்கோ நிறுவனத்தைத் தொடங்கியது. எர்ணாகுளம் மாவட்டம் அத்தாணியில் குபோட்டா முறையில் கை டிராக்டர் செய்தார்கள்.

அன்று வந்த அந்த முதல் எந்திரங்கள் இன்று எங்கே? அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. சில கொட்டகையில் கிடக்கும். மற்றவை உருகிக் கம்பியாகிக் கட்டடத்துக்குள் போயிருக்கும். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் நம் கரையைத்தான் தாக்கியது. தென்னை விழுந்தது. கொட்டகை விழுந்தது. வீடு கட்டவே வழி இல்லாதவர் துருப்பிடித்த இரும்பையா காத்துக்கொண்டிருப்பார்? அவரைக் குறை சொல்ல முடியாது. இனி இருப்பதையாவது காப்பாற்றுவோம்.

தென் துருவம் போன டிராக்டர்

சின்ன டிராக்டருக்கு எவ்வளவு மதிப்பு தருகிறார்கள் என்பதற்கு ஒரு கதை. 1953-ல் எவரெஸ்ட் சிகரம் ஏறிய ஹிலாரியை நாம் அறிவோம். அவர் 1958 ஜனவரி 4-ந் தேதி தென் துருவத்தை அடைந்தார். எப்படிப் போனார்? பெர்குசன் டிராக்டர்களில்! வயலில் உழுவதற்காகச் செய்த சின்ன டிராக்டர்கள் அவை. பனியில் ஓட, சக்கரத்துக்குப் பட்டை போட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்று நியூசிலாந்து நாட்டுக் கிறைஸ்ட்சர்ச் நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தில் 1965-லேயே பழைய டிராக்டர்களையும் என்ஜின்களையும் காப்பவர்கள் சங்கம் தொடங்கிவிட்டார்கள். திடலில் கூடுவார்கள். பழைய எந்திரத்தை ஓட்டிக் காட்டுவார்கள். பேரன் தாத்தாவிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். அப்படியே தொழிலைக் கற்றுக்கொள்வான்.

நம் கோவையில் ஜி.டி.நாயுடு பெயரில் உள்ள அறக்கட்டளை பழைய கார்களைச் சேர்த்து அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்கிறார்கள். கார் ஊர் சுற்றியது. அதற்கு ஒரு மாளிகை! உழவு எந்திரத்துக்கு ஒரு கொட்டகையாவது வேண்டாமா?

"சோற்றுக்கு ஆகுமா?"

"பழைய இரும்பைக் கட்டிக்கொண்டு அழுதால் சோற்றுக்கு ஆகுமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

பழைய கை டிராக்டரில் எல்லாப் பாகமும் கண்ணுக்குத் தெரியும். பெல்ட் எங்கே இருந்து எங்கே போகிறது, கியர் எப்படி விழுகிறது, கிளட்ச் எதைப் பிடிக்கிறது என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் காட்டலாம். புது எந்திரங்களில் பல பாகம் மூடியே இருக்கும். கெட்டுப்போனால் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடச் சொல்வார்கள். பழையதில் பழகிய கை, புதியதையும் பயமின்றித் திறக்கும். ரிப்பேர் தெரிந்த பிள்ளைக்குச் சோற்றுக்குக் குறைவு இல்லை!

இன்னொரு கேள்வியும் உண்டு. "இந்த எந்திரம் வந்துதானே ஏர் ஓட்டிய கூலி ஆட்களுக்கு வேலை போனது? அதற்கு என்ன மரியாதை?" இது வயிற்றில் இருந்து வரும் கேள்வி. ஏர் ஓட்டியவர், வண்டி ஓட்டியவர், மாடு மேய்த்தவர், நுகத்தடி செய்த தச்சர், கொழு அடித்த கொல்லர் எல்லோரையும் எந்திரம் இடம் பெயர்த்தது உண்மை.

அதனால்தான் எந்திரத்தை மட்டும் வைத்தால் போதாது என்கிறோம். பக்கத்தில் ஏரும் நுகத்தடியும் இருக்கட்டும். ஏர் ஓட்டியவரின் பெயரும், அவர் வாங்கிய கூலியும் அங்கே எழுதியிருக்கட்டும். இரும்பை உருக்கிவிட்டால் அந்தக் கதையும் சேர்ந்து உருகிவிடும். பிறகு யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கேட்பதற்கே சாட்சி இருக்காது.

கிடைத்தால் என்ன செய்வது?

உங்கள் கொட்டகையில் பழைய கை டிராக்டர் இருந்தால், முதலில் பெயர்த்தகட்டைத் தேடுங்கள். எந்திரத்தின் ஆதார் அட்டை அதுதான்! கம்பெனியின் பெயரும், ஊரும், எண்ணும் அதில் இருக்கும். சில எந்திரங்களில் எண்ணை என்ஜின் உடலிலேயே பொறித்திருப்பார்கள். துணியால் மெல்லத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். எண் அழிந்தால் வரலாறு அழிந்தது.

புதுப் பெயிண்ட் அடிக்க அவசரப்படாதீர்கள். பழைய நிறம்தான் அதன் அடையாளம். துரு பரவாமல் எண்ணெய் பூசினால் போதும். நம் ஊரில் உப்புக் காற்று வீசும். ஆகவே தரையில் படாமல் கட்டை மேல் ஏற்றி, மழை படாமல் மூடி வையுங்கள்.

பல காலம் நின்றுபோன என்ஜினை உடனே ஹேண்டில் போட்டுச் சுற்றாதீர்கள். உள்ளே பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கும். பலமாகச் சுற்றினால் உடையும். தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் பழைய டீசலையும் ஆயிலையும் வடித்துவிடுவார். சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊற வைப்பார். பிறகு சக்கரத்தைக் கையால் மெல்ல அசைத்துப் பார்ப்பார். பொறுமைதான் முக்கியம்.

கழற்றும் முன் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்தின் போல்ட், நட்டையும் தனித்தனி டப்பாவில் போடுங்கள். பிள்ளைகளை அந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் என்ஜின் ஓடும்போது பெல்ட் பக்கமும் கத்திப் பக்கமும் அவர்களை விடாதீர்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். அந்த எந்திரத்தை ஓட்டியவர் உயிரோடு இருந்தால் அவரைப் பேசச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். எப்போது வாங்கினார்கள்? கடன் யார் கொடுத்தார்? முதல் நாள் வயலில் இறக்கியபோது ஊர் என்ன சொன்னது? இரும்பு இன்னும் நூறு ஆண்டு இருக்கும். மனிதர் இருக்க மாட்டார்.

உப்புக்கு ஸ்தூபி! உழவுக்கு?

வேதாரண்யத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1930 ஏப்ரல் 30-ந் தேதி ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் இங்கே உப்பு எடுத்தார்கள். திருச்சியில் இருந்து நடந்தே வந்தார்கள். அகஸ்தியன்பள்ளியில் அதற்கு நினைவு ஸ்தூபி இருக்கிறது.

அவர்கள் எடுத்த ஒரு பிடி உப்பைத் தராசில் நிறுத்தால் என்ன விலை வரும்? ஒன்றும் வராது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த நடையும், துணிவும், சிறை வாசமும்தான் அதன் விலை. அதை உணர்ந்த ஊர் இது. எடையைப் பார்க்காமல் பொருளைப் பார்க்கத் தெரிந்த ஊர் இது.

அந்த ஊர்தான் இதையும் முதலில் செய்ய வேண்டும். பெரிய செலவு வேண்டாம். பள்ளியிலோ, தொழிற்பயிற்சி நிலையத்திலோ ஒரு கொட்டகை போதும். உள்ளே ஒரு கை டிராக்டர். பக்கத்தில் ஓர் ஏர். சுவரில் நான்கு வரி. செய்தவர் யார், ஓட்டியவர் யார், ரிப்பேர் செய்தவர் யார், அதனால் வேலை இழந்தவர் யார் என்று எழுதுங்கள். கொடுத்த குடும்பத்தின் பெயரையும் எழுதுங்கள். ஒன்றியத்துக்கு ஒன்று என்று வைத்தாலே டெல்டா முழுவதும் ஒரு பெரிய அருங்காட்சியகம் ஆகிவிடும்.

ஆயுத பூஜை அன்று எந்திரத்துக்குப் பொட்டு வைக்கிறோம். மாட்டுப் பொங்கல் அன்று டிராக்டருக்கும் மாலை போடுகிறோம். அந்த நாளில் பழைய கை டிராக்டரைத் திடலுக்குக் கொண்டுவந்து ஒரு முறை ஓட்டிக் காட்டட்டும். டுப் டுப் என்ற அந்தச் சத்தத்தைப் பேரப்பிள்ளைகள் கேட்கட்டும். "இதுவா அந்த எந்திரம்?" என்று அவர்கள் கேட்பார்கள். "இதனால் நல்லது நடந்ததா?" என்றும் கேட்பார்கள். கேட்கட்டும். கேட்கிற பிள்ளைதான் நாளைக்கு நம் மணலுக்கும், நம் கடைமடைக்கும் ஏற்ற எந்திரத்தைச் செய்யும்.

பழைய இரும்புக்காரர் அடுத்த முறை தராசோடு வந்தால் வேறு இரும்பு கொடுங்கள். கை டிராக்டர் இருக்கட்டும்!